பாலில்லாக் காப்பியும் முட்டையும்: ஒரு கடல்வழி வரலாறு

திருப்பூருக்கு மேற்கே நொய்யலாற்றை ஒட்டி அமைந்த மங்கலத்தில், விசைத்தறிகளின் ஓசை இரவிலும் அடங்குவதில்லை. அவ்வூரில் நமக்கு அறிமுகமான ஒரு குடும்பத்தைக் காண ஒரு மாலை சென்றிருந்தோம். வீட்டுப் பிள்ளை நம்மை வரவேற்று அமரச் செய்தபின் சற்றுத் தயக்கத்துடன், "பால் தீர்ந்துவிட்டது, கடைக்கு ஆள் அனுப்பியிருக்கிறேன்" என்றார். உள்ளிருந்து அவருடைய பாட்டியார் குரல் கொடுத்தார்: "எதுக்குப் பாலு? இதுக்குப் பாலே சேர்க்கக் கூடாது. கொஞ்சம் இருங்க தம்பி." சிறிது நேரம் கரண்டி கிண்ணத்தில் சுழலும் ஓசை கேட்டது. பிறகு வந்த குவளையில் பொன்னிற நுரை திரண்டிருந்தது. பாலாடையும் இல்லை, பாலும் இல்லை. ஆயினும் நாவில் பட்டபோது பாலைவிடக் கனமாக இருந்தது. அது முட்டைக் கோப்பி. அம்மையாரின் கணவர் இளமையில் கொழும்பு புறக்கோட்டையில் கடை வைத்திருந்தவர். அங்கே கற்ற பக்குவத்தை அவர் கொங்கு நாட்டிற்குக் கொண்டுவந்திருந்தார். "காப்பி" என்று ஒரு போதும் சொல்லாமல் "கோப்பி" என்றே அவர் சொல்லிக்கொண்டிருந்ததும் அந்தத் தீவின் எச்சமே.

பேரனின் தயக்கம்தான் நம்மை இக்கட்டுரைக்குத் தூண்டியது. விருந்தினருக்குப் பாலில்லாத காப்பி கொடுப்பது குறைவு என்ற எண்ணம் நம் வீடுகளில் ஆழப் பதிந்துள்ளது. 'வரக்காப்பி' என்ற சொல்லிலேயே ஒரு வறட்சி ஒலிக்கிறது. காய்ச்சல் வந்தால் சுக்குக் காப்பி, கையில் காசில்லாவிட்டால் கருப்பட்டிக் காப்பி, மரியாதைக்குப் பால் காப்பி என்று படிநிலை ஒன்று அமைந்துவிட்டது. வரலாற்றைப் புரட்டினால் இப்படிநிலை மிக அண்மைக் காலத்தது என்பது தெளிவாகும்.

காப்பியின் தொடக்கம் பாலற்றது. 'கஹ்வா' என்னும் அரபுச் சொல் முன்னர் மதுவைக் குறித்தது. பிறகு எமன் நாட்டு ஸூஃபிகள் இரவு வணக்கத்தில் விழித்திருக்க அருந்திய கொட்டை நீருக்குப் பெயராயிற்று. இப்பானத்தின் தொடக்க வரலாற்றுக்கு நாம் பெரிதும் நம்பியிருப்பது ஹிஜ்ரி 966 அளவில், அதாவது கி.பி. 1558ஐ ஒட்டி, அப்துல் காதிர் அல்ஜஸீரீ எழுதிய 'உம்தத்துஸ் ஸஃப்வா' என்னும் அரபு நூலை. காப்பி ஆகுமானதே என நிறுவுவதற்காக எழுதப்பட்ட நூல் அது. ஏடனைச் சேர்ந்த முஹம்மது அத்தப்ஹானீ என்னும் மார்க்க அறிஞர் 15ஆம் நூற்றாண்டில் இதனை எமனில் பரப்பினார் என்ற செய்தியை அந்நூல் பதிந்துள்ளது. கெய்ரோவில் அல்அஸ்ஹர் பள்ளிவாசலின் எமன் மாணவர் பகுதியில், திங்கள், வெள்ளி இரவுகளில் திக்ர் மஜ்லிஸின் நடுவே செம்மண் கலம் ஒன்றில் காப்பி வைக்கப்பட்டதையும், தலைவர் சிறு அகப்பையால் மொண்டு வலப்புறத்திலிருந்து வரிசையாக வழங்கியதையும் அது விவரிக்கிறது. பால் என்ற பேச்சே அங்கில்லை. இன்றும் அரபகத்தில் விருந்தினருக்கு முதலில் நீட்டப்படுவது ஏலம் மணக்கும் பாலற்ற கஹ்வாதான். அதைக் குறைவு என்று அங்கு எவரும் எண்ணுவதில்லை!

1511ஆம் ஆண்டில் மக்காவில் மம்லூக் அரசின் அதிகாரியாயிருந்த காயிர் பேக், இரவில் பள்ளிவாசல் அருகே சிலர் கூடி இதனை அருந்தக் கண்டு, அறிஞர் அவையைக் கூட்டித் தடை விதித்தார். மருத்துவர் இருவரும் அதற்குச் சான்று கூறினர். ஆனால் கெய்ரோவிலிருந்து வந்த சுல்தானின் ஆணை, கூட்டங்களில் நடக்கும் ஒழுங்கீனத்தைக் கண்டித்ததேயன்றிப் பானத்தையே முற்றாகத் தடுக்கவில்லை. இந்நிகழ்வுகளை ரால்ஃப் ஹாட்டாக்ஸ் 1985இல் வெளிவந்த தம் ஆய்வு நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். நமக்கு இங்கே வேண்டியது ஒரே செய்தி: சட்ட அறிஞர்கள் காப்பியை எடைபோட்டபோது, அது மயக்குகிறதா, உடலுக்குக் கேடு செய்கிறதா என்ற இரு கேள்விகளையே கேட்டனர். இரண்டாம் கேள்வியைப் பச்சை முட்டையைப் பொறுத்து நாமும் பின்னர்க் கேட்க வேண்டியிருக்கும்.

காப்பியில் பால் கலக்கும் வழக்கம் 17ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில்தான் வேரூன்றியது. அதே நூற்றாண்டில், ஹஜ்ஜிலிருந்து திரும்பிய பாபா புதன் ஏழு கொட்டைகளை எமனிலிருந்து கொண்டுவந்து இன்றைய கருநாடகத்தின் சிக்மகளூர் மலையில் ஊன்றினார் என்பது மரபு. ஏழு என்ற எண்ணை நாம் மரபாகவே கொள்கிறோம். மலை அவர் பெயரால் இன்றும் வழங்குவது மட்டும் கண்கூடு. காப்பி இங்கு வந்து சேர்ந்த வழி அரபுக் கடல்வழி, ஹஜ்ஜுப் பயணிகளின் வழி. ஆயினும் 20ஆம் நூற்றாண்டின் தமிழகத்தில் காப்பி நடுத்தர வர்க்கத்தின், குறிப்பாகப் பிராமணரின் அடையாளமாகவும், தேநீர் உழைப்பாளருக்கும் முஸ்லிம்களுக்கும் உரியதாகவும் எண்ணப்பட்டது. ஆ. இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்ற கட்டுரையில் இம்மாற்றத்தைச் சுவைபட எழுதியுள்ளார். கஹ்வாவை உலகுக்கு அளித்த சமுதாயம் தமிழகத்தில் தேநீர்ச் சமுதாயமாகக் கருதப்பட்டது வேடிக்கைதான். அந்தத் தமிழகக் காப்பியின் தகுதி முழுவதும் பாலின் தகுதியாகவே அமைந்தது. கலப்பற்ற பாலுக்கு அளவுமானி காட்டிய 'டிகிரி' காப்பிக்குப் பெயராகியதாகச் சொல்வார்கள். பால் மிகுந்த காவிரிக் கரைக்கு அது பொருந்தும். கடற்கரைக்குப் பொருந்தாது.

இங்கே நாம் சற்று நிற்க வேண்டும். தெற்கு, தென்கிழக்கு ஆசியாவின் ஈரக் கரைகளில், இலங்கை, மலையாளக் கரை, சுமத்ரா, சுலாவெசி, இந்தோசீனா ஆகிய பகுதிகளில், மேய்ச்சல் நிலம் குறைவு. தென்னையும் கோழியும் மிகுதி. எனவே பாலின் இடத்தைத் தேங்காய்ப்பாலும் முட்டையும் நிரப்பின. நம் சமையலிலேயே இதற்கு மிகச் சிறந்த சான்று உண்டு. இலங்கை முஸ்லிம்களின் பெருநாள் பண்டமாகிய வட்டலாப்பத்தில் பசுவின் பால் ஒரு துளியும் தேவையில்லை. முட்டை, தேங்காய்ப்பால், கித்துள் கருப்பட்டி, ஏலம் ஆகியவை ஆவியில் வெந்து பாலாடைக்கட்டி போல் இறுகுகின்றன. காயல்பட்டினம், கீழக்கரை வீடுகளிலும் இப்பண்டம் வழங்குகிறது. முட்டைக் கோப்பியை வட்டலாப்பத்தின் குடிநீர் வடிவம் என்று நாம் சொல்லத் துணிவோம். வட்டலாப்பத்தில் முட்டை வெந்திருக்கும், கோப்பியில் வேகாதிருக்கும் என்பதே வேறுபாடு. அவ்வேறுபாடு சிறிதன்று.

இலங்கையில் காப்பிச் செடியை அறிமுகப்படுத்தியவர் அராபியர் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட செய்தி. போர்ச்சுக்கீசியர் வருமுன்பே அது அங்கிருந்தது. சிங்கள மக்கள் அதன் இளந்தளிரைக் கறிக்கும் பூவை வழிபாட்டுக்கும் பயன்படுத்தினர். கொட்டையை வறுத்து அருந்தும் வழக்கம் பின்னர்தான் பரவியது. 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் மலைகளைக் காப்பித் தோட்டங்களாக்கினர். அத்தோட்டங்களுக்காகத் தமிழகத்திலிருந்து மன்னார் வழியே நடந்துசென்ற மக்களின் துயரம் தனி வரலாறு. 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் இருபது ஆண்டுக்குள் அத்தோட்டங்களை அழித்து, தேயிலைக்கு வழிவிட்டது. பெருந்தோட்டம் போனாலும் வீட்டுக் கொல்லையில் காப்பிச் செடி நின்றது. வீட்டில் வறுத்து மல்லியும் சுக்கும் சேர்த்து இடித்த கோப்பித் தூளும் நின்றது. யாழ்ப்பாண வீடுகளில் அத்தூளைக் கொதிக்கவைத்து, சீனியுடன் அடித்த முட்டையின் மேல் ஊற்றிக் கொடுப்பதே முட்டைக் கோப்பி. பரீட்சைக்கு விழித்துப் படிக்கும் பிள்ளைக்கும், உடல் மெலிந்தவருக்கும், பிள்ளை பெற்றவளுக்கும் அது சத்துணவாகக் கருதப்பட்டது. கொழும்பின் ஆங்கிலப் பாணி விடுதிகளில் இதே பானத்தில் பிராந்தி சேர்ப்பதுண்டு. நம் வீடுகளில் அதற்கு இடமில்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பிராந்தியின் வேலை முட்டையின் வாடையை மறைப்பது. அதை ஏலமும் சுக்கும் செவ்வனே செய்துவிடுகின்றன.

கிழக்கே இன்னும் சென்றால், இந்தப் பக்குவத்தின் மிகச் சிறந்த காவலர்கள் முஸ்லிம்களே என்பதைக் காணலாம். மேற்குச் சுமத்ராவின் மினாங்கபாவ் மக்கள், பச்சை முட்டையைச் சர்க்கரையுடன் விடாது அடித்து, கொதிக்கும் தேநீரை அதன் மேல் ஊற்றி, எலுமிச்சை பிழிந்து அருந்துகின்றனர். 'தே தாலுவா' என்று பெயர். தாலுவா என்றால் அவர்கள் மொழியில் முட்டை. அதே மக்களிடம் 'காவா டாவுன்' என்ற பானமும் உண்டு. காப்பி இலையைப் புகையில் உலர்த்திக் காய்ச்சி, கொட்டாங்கச்சியில் ஊற்றித் தருவது. 'காவா' என்பது நம் கஹ்வாவேதான். 1847 முதல் டச்சு அரசு அங்கே காப்பியைக் கட்டாயப் பயிராக்கி, விளைந்த கொட்டைகளைத் தன் கிடங்குக்கே கொண்டுவரச் செய்தது. இம்முறை 1908 வரை நீடித்தது. கொட்டையை ஒப்படைத்த உழவனுக்கு இலை மிஞ்சியது என்று அம்மக்கள் கூறுவர். சுலாவெசித் தீவின் மக்காசர் நகரில் இஞ்சி, தேங்காய்ப்பால், பனைவெல்லம் கொதிக்கும் 'சராபா' என்னும் பானத்தில் முட்டையின் மஞ்சள் கரு சேர்ப்பதும் வழக்கம். நம் சுக்குக் காப்பிக்கும் வட்டலாப்பத்துக்கும் பிறந்த குழந்தை போன்றது அது.

இன்று உலகம் முழுதும் புகழ் பெற்ற முட்டைக் காப்பி வியட்நாமின் ஹனோய் நகரத்தது. 1946இல், பிரெஞ்சு ஆட்சிக்கெதிரான போர் மூளவிருந்த காலத்தில், நகரில் பால் கிடைக்கவில்லை. மெட்ரோபோல் விடுதியில் பானம் கலப்பவராக இருந்த நுயென் வான் ஜியாங், பால் நுரைக்கு மாற்றாக முட்டையின் மஞ்சள் கருவைச் சர்க்கரையுடன் அடித்துக் காப்பியின் மேல் இட்டார். அவர் தொடங்கிய கடையை இன்றும் அவர் வழியினர் நடத்துகின்றனர். 2019 பிப்ரவரியில் அமெரிக்க, வடகொரியத் தலைவர்கள் ஹனோயில் சந்தித்தபோது, வந்திருந்த செய்தியாளர்களுக்கு அக்காப்பி வழங்கப்பட்டு உலகெங்கும் பேசப்பட்டது. பஞ்சத்தில் பிறந்த பானம் விருந்தில் அமர்ந்தது! இதில் ஒரு முரணும் உண்டு: பாலின்மையால் தோன்றிய இக்காப்பியை இன்று பலர் இனிப்பூட்டிய கட்டிப்பால் சேர்த்தே செய்கின்றனர். பாலை விலக்க வேண்டியவர்கள் பெயரை நம்பி ஏமாறக் கூடாது.

வியட்நாம் நமக்கு அயல் நாடன்று. ஹனோயின் ஹாங் லுவொக் தெருப் பள்ளிவாசல் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்திய வணிகர்களால் எழுப்பப்பட்டது. சைகோனின் டோங் யூ தெருவில் 1935இல் தென்னிந்திய முஸ்லிம்கள் கட்டிய பள்ளிவாசல் இன்றும் தொழுகைக்குத் திறந்திருக்கிறது. காரைக்கால், புதுச்சேரி, கூத்தாநல்லூர் பகுதிகளிலிருந்து சென்றோர் அங்கே துணிக்கடைகளும் பல்பொருள் கடைகளும் நடத்தினர். 1975க்குப் பின் பெரும்பாலோர் வெளியேறினர். நம்மவர் அங்கிருந்தனர் என்பதைக் கொண்டு முட்டைக் காப்பிக்கு உரிமை கொண்டாடுவது வரலாறாகாது. ஒரே தட்டுப்பாடு வெவ்வேறு கரைகளில் ஒரே விடையைத் தந்தது என்பதே போதுமானது.

இனி, பாலை விலக்குவது ஏழ்மையின் அடையாளம் என்ற எண்ணத்துக்கு மருத்துவம் தரும் மறுப்பையும் காண்போம். 1981இல் வெளியான ஓர் ஆய்வு, திருவனந்தபுரத்திலும் புதுச்சேரியிலும் சோதிக்கப்பட்டோரில் 66.6 விழுக்காட்டினருக்குப் பாற்சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைவு என்றும், வடஇந்தியரில் இது 27.4 விழுக்காடே என்றும் காட்டியது. பாலை மேய்ச்சல் மக்கள் குடித்துச் செரித்துப் பழகினர். நம் கரைகளில் அப்பழக்கம் அந்த அளவு ஆழமானதன்று. எனவே காப்பி குடித்ததும் வயிறு உப்புகிறது என்போர் பலர், காப்பியை அன்று, பாலையே ஐயுற வேண்டும்.

முட்டை ஏன் பாலின் வேலையைச் செய்கிறது? மஞ்சள் கருவில் லெசித்தின் என்னும் பொருள் உண்டு. நீரும் கொழுப்பும் பிரியாமல் பிணைப்பது அதன் இயல்பு. சர்க்கரையுடன் விடாது அடிக்கும்போது காற்று உட்புகுந்து, நிறம் வெளுத்து, கரண்டியிலிருந்து நாடா போல் விழும் பதம் வருகிறது. அந்தப் பதத்துக்குமுன் அவசரப்பட்டால் நுரை நில்லாது. சர்க்கரைக்கு இன்னொரு பணியும் உண்டு. முட்டை இறுகும் வெப்பநிலையை அது சற்று உயர்த்துகிறது. ஆதலால் சூடான காப்பியை நூல் போல் ஊற்றிக்கொண்டே அடித்தால் முட்டை திரியாமல் கலக்கும். ஒரேயடியாக ஊற்றினால் துணுக்கு துணுக்காக வெந்துவிடும்.

சத்து பற்றிய நம்பிக்கையை மட்டும் நாம் திருத்திக்கொள்ள வேண்டும். பூப்பெய்திய பெண்ணுக்குப் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் கொடுப்பது தமிழகத்திலும் ஈழத்திலும் பழைய வழக்கம். பச்சையாக உண்டால்தான் சத்து என்பது அதன் அடிப்படை. பெல்ஜிய நாட்டு ஆய்வாளர் 1998இல் கண்டது இதற்கு நேர்மாறு: வெந்த முட்டையின் புரதத்தில் சுமார் 91 விழுக்காடு செரிக்கிறது, பச்சை முட்டையில் ஏறத்தாழ 51 விழுக்காடே. மேலும் பச்சை வெள்ளைக் கருவில் உள்ள அவிடின், பயோட்டின் என்னும் உயிர்ச்சத்தைப் பிணைத்து உடலில் சேரவிடாமல் தடுக்கிறது. இவற்றினும் பெரிய இடர் சால்மோனெல்லா நுண்ணுயிரி. அது ஓட்டின் மேல் ஒட்டியிருப்பது மட்டுமன்று. ஓடு உடையாத, பார்வைக்குத் தூய முட்டையின் உள்ளேயும் இருக்கக்கூடும். 1988இல் பிரிட்டனில் இது குறித்து எழுந்த பரபரப்பில் ஓர் இளநிலை அமைச்சரே பதவி துறந்தார். பிறகு அங்கே கோழிகளுக்குத் தடுப்பூசி போடும் ஏற்பாடு பரவி, 2017இல்தான் அந்த ஏற்பாட்டின் முத்திரை பெற்ற முட்டைகளைக் கருவுற்றோரும் முதியோரும்கூட வேகாமல் உண்ணலாம் என அரசு அறிவித்தது. அந்த அறிவிப்பு அந்த முத்திரைக்குரியது. நாமக்கல்லிலிருந்து அட்டையில் வந்து கடை வாசலில் வெயிலில் அடுக்கப்படும் முட்டைக்கு அதை நீட்டிப் பொருள் கொள்ளலாகாது.

ஃபிக்ஹு நூல்களில் உண்ண ஆகுமான பறவையின் முட்டை தூயது என்பதும், அது இரத்தமாக மாறிவிட்டால் உண்ணலாகாது என்பதும் தெளிவு. ஆகவே பச்சை முட்டை ஹலாலா என்ற ஐயம் எழத் தேவையில்லை. ஆனால் காப்பியைப் பற்றி மக்கா அறிஞர் அவை கேட்ட அந்த இரண்டாம் கேள்வி, கேடு செய்கிறதா என்பது, இங்கே உயிரோடு நிற்கிறது. கருவுற்றவர், பிள்ளை பெற்றவர், பச்சைக் குழந்தை, முதியவர், நோயாளி என்று யாருக்குச் சத்துக்காக இதனைக் கொடுத்தார்களோ அவர்களுக்கே இதன் இடர் மிகுதி.

இதற்கு வழி எளிது. வட்டலாப்பமே அதைக் கற்பிக்கிறது. கிண்ணத்தைக் கொதிநீர்ப் பாத்திரத்தின் ஆவிமேல் வைத்து, மஞ்சள் கருவையும் சர்க்கரையையும் இரண்டு கரண்டி காப்பி நீரையும் சேர்த்து, கை நிறுத்தாமல் அடிக்க வேண்டும். கலவை 71 பாகையை எட்டினால் நுண்ணுயிரி மடியும். சர்க்கரையும் காப்பி நீரும் கலந்திருப்பதால் முட்டை திரியாமல் அவ்வெப்பத்தைத் தாங்கும். நுரை முன்பைவிட அடர்த்தியாகவே நிற்கும். கொதிக்கும் காப்பியை மேலே ஊற்றினாலே வெந்துவிடாதா என்று சிலர் கேட்பர். நம் வடிகட்டிக் காப்பியின் இயல்பை நினைத்துப் பார்க்க வேண்டும். சொட்டுச் சொட்டாக இறங்கும் டிகாக்ஷன் பாத்திரத்தில் சேர்வதற்குள் வெதுவெதுப்பாகிவிடுகிறது. பால் காப்பியில் சூட்டைத் தருவது பால்தான். பாலை நீக்கும்போது அந்தச் சூட்டையும் நீக்கிவிடுகிறோம். அரைக் குவளை டிகாக்ஷன், குளிர்ந்த முட்டையில் பட்டதும் வேண்டிய வெப்பத்துக்கு மிகக் கீழே இறங்கிவிடும். ஹனோய்ப் பாணியில் நுரையைக் காப்பியின் மேல் மிதக்க விட்டால் அதுவுமில்லை.

இதனையெல்லாம் மங்கலத்து அம்மையாரிடம் அன்று நாம் சொல்லவில்லை. குவளையை மீதமின்றி அருந்திவிட்டே எழுந்தோம். சில மாதம் கழித்து மீண்டும் சென்றபோது பேரனின் மனைவி பிள்ளை பெற்று வீட்டில் இருந்தார். அவருக்காகக் கிண்ணத்தில் முட்டை அடிபட்டுக்கொண்டிருந்தது. அப்போதுதான் தயங்கித் தயங்கிச் சொன்னோம். அம்மையார் நம்மை ஏற இறங்கப் பார்த்தார். "வட்டலாப்பத்துக்கு ஆவி வைக்கிற மாதிரியா?" என்று கேட்டார். ஆம் என்றோம். அடுப்பில் நீர் ஏற்றி, அதன்மேல் கிண்ணத்தை வைத்தார். கை நிற்காமல் சுழன்றது. பேரன் வாசலில் நின்று, இம்முறை பாலைப் பற்றி எதுவும் சொல்லாமல், நமக்கும் ஒரு குவளை எடுத்து வைத்தார்.